செயலாளர் மூச்சு விடுகிறார்

இருபத்து நான்கு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் செயலாளர் பதவி எப்படிக் கிடைக்கும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பொதுக்குழுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் அன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். "ஏகமனதாக" என்று செய்தி வந்த நேரத்தில் இலையில் பாயசம் விழுந்தது. விழுந்தது வரைக்கும்தான் தெரியும். அது சேமியாவா ஜவ்வரிசியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயிறு கடையைச் சாத்திவிட்டது.

வீட்டில் இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்தார்கள். இது விஞ்ஞானம் என்பதற்கு என்னிடம் ஒரு பூனை சாட்சி இருக்கிறது. வால்டர் கேனன் என்று ஹார்வர்டில் ஓர் உடலியல் அறிஞர் இருந்தார். 1890களின் கடைசி, எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிது. அப்போது மருத்துவ மாணவராக இருந்த கேனன் பூனைக்குச் சாப்பாடு கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை எக்ஸ்ரேயில் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை நிம்மதியாக இருந்தவரை இரைப்பை அலை அலையாக வேலை செய்தது. பூனை கலவரப்பட்டதும் உள்ளே வேலைநிறுத்தம். பிறகு 1911இல், நாய் குரைப்பதைக் கேட்டு மிரண்ட பூனையின் ரத்தத்தில் அட்ரினல் சுரப்பு ஏறுவதையும் காட்டினார். 1915இல் இதையெல்லாம் சேர்த்துப் புத்தகமே போட்டுவிட்டார். ஆபத்து என்றால் உடம்பு சண்டைக்கு அல்லது ஓட்டத்துக்குத் தயாராகிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, தசை முறுக்கேறுகிறது, ஜீரணம் மாதிரியான சில்லறை வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன. நாய்க்குப் பதிலாக எனக்கு வாட்ஸ்அப் குழு. மற்றபடி அந்தப் பூனையும் நானும் ஒன்றுதான்.

ஒன்று என்று சொல்வதுகூடப் பூனைக்கு அவமரியாதை. அது நினைத்தால் பிறாண்டலாம், நினைத்தால் மதில் ஏறிக் குதித்துவிடலாம். செயலாளர் சண்டை போட்டால் அடுத்த மாத மெயின்டெனன்ஸ் வராது. ஓடினால் கேட் வரைக்கும்தான். அங்கே 2-ஏ சார் பால் பாக்கெட்டோடு நிற்பார்.

மே மாதம் வந்தால் எங்கள் பேட்டையில் போர்வெல் காற்றைத்தான் இறைக்கும். டேங்கர் லாரிக்காரரின் கைபேசி அணைந்திருக்கும். குழுவில் ஒருவர் வாளியைப் படம் எடுத்துப் போட்டு, "தண்ணீரின் நிறத்தைக் கவனிக்கவும்" என்பார். கீழே பதினோரு கட்டைவிரல்கள். கட்டைவிரல் யாருக்கு ஆதரவு, தண்ணீருக்கா படத்துக்கா என்று யோசித்தபடி நான் தூங்கப் போவேன். தூக்கத்தில் பல் கடிக்கிறேன் என்று மனைவி சொன்னாள். "பக்கத்து ரூம்ல அத்தைக்குக் கேக்குதுங்க. யாரோ சுண்டல் சாப்பிடறாங்கன்னு எழுந்து வந்துட்டாங்க."

டாக்டரிடம் போனதில் மேலே 160, கீழே 100. மாத்திரை எழுதினார். "டென்ஷன் ஆகாதீங்க சார், ரிலாக்ஸா இருங்க" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். செய்யவேண்டிய வேலைகளை எழுதிவைக்கும் டைரியில், "லிஃப்ட் சர்வீஸ்" என்பதற்கும் "சம்ப் கழுவ ஆள்" என்பதற்கும் நடுவில் "ரிலாக்ஸ்" என்று எழுதிக்கொண்டேன். மற்ற இரண்டையும் முடிக்காமல் அதை எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு புதுக் கவலை சேர்ந்தது.

இந்தக் கட்டத்தில்தான் கோயம்புத்தூரில் உளவியல் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தவுடன் படிப்பு அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"மாமா, மனசுகிட்ட பேசி ஒண்ணும் ஆகாது. அது நாளைக்கு வர்ற டேங்கர்ல உக்காந்திருக்கு. உடம்பு மட்டும்தான் இப்ப இங்க இருக்கு. அதுகிட்ட பேசுங்க."

பேசும் முறையையும் சொல்லிக்கொடுத்தாள். பதற்றம் ஏறும்போது கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், கைக்குத் தட்டுப்படுகிற நான்கு, காதில் விழுகிற மூன்று, மூக்குக்கு இரண்டு, நாக்குக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். புலன்கள் எதிரே இருப்பதில் மும்முரமானால், கற்பனை அபாயங்களை அடுக்கிக்கொண்டு போவதற்கு மூளைக்கு இடம் குறையும். செலவு கிடையாது. கருவி கிடையாது.

அன்று மாலையே கூடத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட முதல் பொருள் மின்விசிறி. இறக்கை ஓரத்தில் கருங்கோடாக அழுக்கு. பொங்கலுக்கு முன் துடைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டாவது, சுவரில் ஈரக்கசிவு. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வருவது. அவர் முன்னாள் செயலாளர், கேட்க முடியாது. மூன்றாவது, தினசரி நாள்காட்டி. இ.பி. பில்லுக்குக் கடைசி நாள் என்று மனைவி சிவப்பு மையில் வட்டம் போட்ட தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது, அதாவது நாள் போய்விட்டது. நான்காவது, டிவி மேஜையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. போகவில்லை. மொய்யும் அனுப்பவில்லை. ஐந்தாவதாக மனைவியே வந்து நின்றாள்.

"என்னங்க, கேஸ் புக் பண்ணியாச்சா?"

காதால் கேட்க வேண்டிய மூன்றில் இது முதல் ஒலி. மற்ற இரண்டும் தெருவிலிருந்து வந்தன. இரண்டுமே "செக்ரெட்டரி சார்!" என்பதுதான்.

அக்கா மகளிடம் முறையிட்டேன். "பாக்கத்தானே சொன்னேன் மாமா, ஆடிட் பண்ணவா சொன்னேன்? நிறம் என்ன, விளிம்பு எப்படி இருக்கு, வெளிச்சம் எங்க படுது, அவ்வளவுதான். உங்களுக்கும் அதுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லாத பொருளா எடுங்க."

குடும்பஸ்தன் வீட்டில் அவனுக்குப் பாக்கி வைக்காத பொருளைத் தேடுவது லேசில்லை. கடைசியில் அகப்பட்டது ஓர் எவர்சில்வர் டம்ளர். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கையில் வைத்துக்கொண்டேன். விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டு மடிந்த இடத்தில், எத்தனை தேய்த்தாலும் போகாத மெல்லிய காபிக் கோடு. வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் தட்டித் தட்டி நின்றது. முதலில் "ஆர்", பிறகு "எம்", பிறகு ஒரு தேதி. எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. யார் அந்த ஆர். எம். என்று மனைவிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நல்லவேளை, தெரிந்திருந்தால் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்திருக்கும். வெளியே அரும்பிய நீர்த்துளிகள் புள்ளி எழுத்துகளில் தங்கி ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன. நிமிர்ந்தபோது தோள்கள் காதோரத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தன. அவை அவ்வளவு நாள் மேலே இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெற்றி தந்த தைரியத்தில் அடுத்த பாடத்துக்குப் போனேன். கண்ணை மூடி உள்ளுக்குள் கவனிப்பது. இது எனக்கு ஒத்துவரவில்லை. இதயத் துடிப்பைக் கவனிக்க ஆரம்பித்தால், அது கவனிக்கப்படுவதைத் தெரிந்துகொண்டு கூடுதலாக இரண்டு தட்டு தட்டியது. இது வாயுவா, வேறெதுவுமா என்று கைபேசியில் தேடினேன். கைபேசி மூன்று நோய்களைச் சொன்னது; மூன்றிலும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லச் சொன்னது. பயந்த சுபாவக்காரர்களில் சிலருக்கு உள்ளே பார்ப்பது பயத்தைக் கூட்டும், அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து வெளியே பார்ப்பதே நல்லது என்று அக்கா மகள் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் முறைதான் எனக்குக் கௌரவமாகப் பட்டது. 1929இல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இது: தசை தளர்ந்தால் மனமும் தளரும், ஆனால் தளர்வு என்றால் எப்படி இருக்கும் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். ஆகவே ஒரு தசையை முதலில் இறுக்கிப் பிடி, பிறகு விடு, வித்தியாசத்தைக் கவனி. கைமுட்டி, புஜம், நெற்றி, தாடை, வயிறு, கால் என்று வரிசையாக. 1934இல் பொதுமக்களுக்காக எழுதிய புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு, நீ தளர்ந்தே ஆகவேண்டும் என்கிற தோரணையில் இருக்கும். எங்கள் டாக்டர் அதைப் படித்திருக்கக்கூடும்.

இந்தப் பயிற்சியைப் படுக்கையில் செய்தால் வம்பில்லை. நான் செயற்குழுக் கூட்டத்தில் செய்தேன். 3-பி சார் போன வருடத்துக் கணக்கில் பெயின்ட் செலவைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் பூனை எழுந்தது. பாடப்படி வலது முட்டியை இறுக்கி மேஜைமேல் வைத்தேன். பிறகு இடது முட்டி. பிறகு புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, கழுத்தை விறைத்து, அவரையே பார்த்தபடி மனதுக்குள் எண்ணினேன். 3-பி சார் பேச்சை நிறுத்தினார். நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். நான் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தளர்த்திப் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகைதான் அவரைக் கலங்கடித்துவிட்டது என்று பிற்பாடு பொருளாளர் சொன்னார். பெயின்ட் செலவு விவாதமின்றி நிறைவேறியது. ஜேக்கப்சன் இந்தப் பயனை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மெக்சிகோவில் அகபுல்கோ என்ற ஊரை 1997இல் பாலின் என்ற புயல் அடித்துப் போட்டது. தப்பியவர்களுக்கு ஆறுதல் தரப் போன இடத்தில் உருவான ஒரு முறை, கைகளைக் குறுக்கே மார்பில் வைத்து, வலமும் இடமுமாக மாற்றி மாற்றித் தோளருகே தட்டிக்கொள்வது. பட்டாம்பூச்சி அணைப்பு என்பார்கள். பால்கனியில் நின்று தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்; கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள்.

"எந்தக் கோயில்டா தெரியுது இங்கேர்ந்து?"

கோயில் இல்லை, மனப் பதற்றத்துக்கு என்றேன். "அப்படின்னா கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக் காதைப் பிடிச்சுக்கோ. உக்காந்து எழுந்திரு. பிள்ளையாரும் சந்தோஷப்படுவார், முட்டியும் நல்லாருக்கும்" என்று திருத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

குளிர்ந்த தண்ணீர் வைத்தியமும் உண்டு. முகத்தில், அதுவும் கண்ணைச் சுற்றிக் குளிர்ச்சி பட்டு மூச்சும் நின்றால், நீரில் மூழ்குவதாக உடம்பு எண்ணிக்கொண்டு இதயத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். சீல், திமிங்கிலம் முதற்கொண்டு நமக்கும் உள்ள அனிச்சைச் செயல் இது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. எங்கள் குடியிருப்பில் இதய நோய் இல்லாதவர்களும் மே மாதத்தில் செயலாளரைக் கேட்காமல் செய்யக்கூடாது. தண்ணீர் இல்லை என்ற பதற்றத்துக்குத் தண்ணீரை மருந்தாகச் சொல்லும் வைத்தியத்தைப் பற்றி நான் மேற்கொண்டு பேச விரும்பவில்லை.

கடைசியில் நான் வந்து சேர்ந்தது மூச்சுக்கு. கையில் டம்ளர் வேண்டாம், தட்டிக்கொள்ளத் தோள் வேண்டாம். எங்கே போனாலும் கூடவே இருப்பது. நாம் மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகம் கூட்டும். விடும்போது சற்று வேகம் குறைக்கும். மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு போகும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும் நேரத்தில்தான் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஆகவே இழுப்பதைவிட விடுவது நீண்டால் இதயத்துக்குச் சாந்தி. திருமூலர் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். அறுபத்து நான்கு வரை நிறுத்துவது யோகிக்கு. செயலாளர் ஆறு எண்ணுவதற்குள் கைபேசி அடிக்கும். ஆனால் இழுப்பதைப்போல் இரு மடங்கு விடு என்பது எனக்கும் கட்டுப்படியாகிற கணக்கு.

ஸ்டான்ஃபோர்டில் 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிலரைத் தியானம் செய்யச் சொன்னார்கள். சிலரைச் சம அளவாய் இழுத்து, நிறுத்தி, விடச் சொன்னார்கள். சிலரை வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார்கள். சிலரை வெறுமனே பெருமூச்சு விடச் சொன்னார்கள். தினம் 5 நிமிடம், ஒரு மாதம். மனநிலை அதிகமாகத் தேறியது பெருமூச்சுக்காரர்களுக்கு. முறை இதுதான்: மூக்கால் ஆழமாக இழுத்து, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாய் வழியாக நிதானமாக, முழுவதும் தீரும்வரை விடுவது. அந்த இரண்டாவது இழுப்பு, நுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் குட்டிக் காற்றறைகளை விரித்துவிடுமாம்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு இயல்பாகவே வருகிற ஒன்றை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டிருக்கிறது. சோபாவில் சாய்ந்து, முறைப்படி இரண்டு இழுப்பு இழுத்து, நீளமாக ஒன்று விட்டேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இப்ப நான் என்னங்க சொல்லிட்டேன்?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "ஒண்ணும் சொல்லாததுக்கா இந்தப் பெருமூச்சு? கேஸ் புக் பண்ணச் சொன்னது ஒரு குத்தமா?" நான் பதிலுக்கு ஆய்வை விளக்க வாயெடுத்தேன். அதற்கும் மூச்சு இழுக்கவேண்டியிருந்தது. அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அம்மாவின் ஆட்சேபம் வேறு வகை. "விளக்கு வைக்கிற நேரத்துல நடுக்கூடத்துல உக்காந்து பெருமூச்சு விடாதடா. தரித்திரம். லட்சுமி வாசலோட திரும்பிடுவா." மனிதர்கள் எல்லோருமே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் தம்மையறியாமல் பெருமூச்சு விடுகிறார்கள், இல்லாவிட்டால் நுரையீரல் சரியாக இயங்காது, நீயும் விடுகிறாய் அம்மா என்று ஆதாரத்தோடு சொன்னேன். "நான் ஏன்டா விடப்போறேன்? எனக்கென்ன குறை?" என்று சொல்லி, "என்னமோ போ" என்று ஒன்று விட்டாள். நிதானமாக, முழுவதும் தீரும்வரை.

யோசித்துப் பார்த்தால், இந்த முறைகளைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் நமக்கு ஒரு தனி அறையும் ஐந்து நிமிடமும் இருப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள தனிமை குளியலறையில் மட்டும்தான். அங்கே போய்ப் பெருமூச்சு விட்டால் கதவைத் தட்டி, மலச்சிக்கலா என்று கேட்கிறார்கள்.

பிறகு ஒரு ராத்திரி மோட்டார் நின்றுபோனது. மேல்தொட்டி காலி, குழு கொந்தளிப்பில். காலில் செருப்பைத் தேடக்கூட நேரமில்லாமல் கீழே போய் சம்ப் அருகே நின்றேன். காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங், இரண்டு நாள், டேங்கர் வந்தாலும் மேலே ஏற்ற வழியில்லை, பெயின்ட் செலவை 3-பி சார் மறுபடி எடுப்பார் என்று பூனை உள்ளே பிறாண்டிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். ஸ்விட்சைப் போட்டார், மோட்டார் சுற்றாமல் உம்மென்றது. உடனே அணைத்தார். புறங்கையை மோட்டார் உடம்பில் வைத்துப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"கருகின வாசனை வரல சார். நீங்க பாருங்க."

நானும் மண்டியிட்டு முகர்ந்தேன். ஈர சிமென்ட் வாசனை, கொஞ்சம் கிரீஸ். கண்டன்சராகத்தான் இருக்கும் என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டி மறுபடி போட்டார். மோட்டார் சுற்றியது. அப்போது அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "கேளுங்க சார். வழவழன்னு போகுதா, நடுவுல கரகரன்னு வருதா?"

இரும்பின் வழியாக ஒரு சீரான ரீங்காரம் தாடை எலும்பில் ஏறியது. அதற்கடியில், கூர்ந்து கேட்டால் மட்டும், மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சின்ன உராய்வு வந்துவந்து போயிற்று. உள்ளங்காலில் ஈரத்தரை அதிர்ந்தது. குழாயில் தண்ணீர் ஏறி, ஐந்து மாடிக்கு மேலே தொட்டியில் விழும் ஓசை எங்கோ கேட்டது. கைபேசி சட்டைப்பையில் துடித்ததாம், எனக்குத் தெரியவில்லை. "சார், ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று தம்பி சொன்னபோதுதான் எழுந்தேன். பேரிங்கை அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்றார். எத்தனை ஆகும் என்று கேட்டேன். சொன்னார். பூனை மறுபடி வந்துவிட்டது. ஆனால் நடுவில் அது எங்கேயோ போயிருந்தது என்பது நிச்சயம்.

அடுத்த முறை டாக்டர் அளந்தபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மாத்திரையின் வேலை என்றார். மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. பதற்றம் நாள்கணக்கில் ஆளை முடக்கிப்போட்டால் டம்ளரைத் தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதில் அக்கா மகளும் கண்டிப்பாக இருக்கிறாள்.

போன பொதுக்குழுவில் நான் ஓர் ஆலோசனை வைத்தேன். விவாதம் தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து முறைப்படி மூன்று பெருமூச்சு விடலாம் என்றேன். எழுத்தில் தீர்மானமாகக் கொண்டுவரும்படி முன்னாள் செயலாளர் கேட்டார். முன்மொழிவு நான், வழிமொழிய ஆள் தேடவேண்டியிருந்தது. மெயின்டெனன்ஸ் பாக்கி உள்ளவர்களை இதில் சேர்க்கலாமா என்று பொருளாளர் சட்டப் பிரச்சினை கிளப்பினார். வாடகைக்கு இருப்பவர் விடவேண்டுமா, வீட்டு உரிமையாளர் விடவேண்டுமா என்று 4-சி அம்மா கேட்டார்கள். கடைசியாக 3-பி சார் எழுந்து, என் முட்டிகள் மேஜைமேல் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு பேசினார்.

"மூணு தடவைங்கறது சதுர அடிக் கணக்கா, வீட்டுக்கு இவ்வளவுன்னு சமமா? ஏன்னா எங்களுது சிங்கிள் பெட்ரூம்."